தர்ஷினியின் பெயரில்

தர்ஷினி உட்கார மறுத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினாள்.

"நான் பண்ணலைன்னு சொல்ல வரலை மேடம். அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. யார் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல என் பேரை எழுதிக் குடுக்கப் போறாங்க. அதுக்குள்ள தெரியணும்."

மைதிலி காபி தம்ளரை ஓரமாக நகர்த்தினார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பது பல ஆண்டுகளாக அவர் வேலை. இப்போது லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் அறை எடுத்து, அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். உடன் இருப்பவன் யூஜின். முன்பு கணினி பழுது பார்த்தவன். ஒரு புகார் வந்துவிட்டால் போதும், நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவான்.

தர்ஷினி கோபத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். மைதிலி கேள்வி கேட்டு அதை வரிசைப்படுத்திக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளி ஜெயராமன் என்பவர் இணைய விளம்பர நிறுவனம் நடத்துகிறார். வீடு மாற்ற ஆள் வேண்டும் என்று ஒருவர் கணினியில் தேடினால் பக்கத்தில் ஒரு விளம்பரம் வரும். அதைச் சொடுக்கினால் அந்தக் கம்பெனியின் பக்கம் திறக்கும். அப்படிப்பட்ட விளம்பரங்களைக் கம்பெனிகளுக்காகப் பராமரிப்பதுதான் அங்கே தொழில். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் லட்சுமம்மா. பொம்மசந்திராவில் கிடங்கும் லாரிகளும் வைத்து, வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி நடத்துபவர். 2007 ஆயுத பூஜையன்று பகலில் யாரோ அவருடைய விளம்பரக் கணக்கில் நுழைந்து, எல்லா விளம்பரங்களையும் ஒரு போட்டிக் கம்பெனியின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். விடுமுறை முடியும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. லட்சுமம்மாவின் விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் எல்லாரும் போட்டியாளரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கிடங்கில் போன் அடிக்கவில்லை. லாரிகள் நின்றன.

கணக்கில் உள்ள விளம்பரங்களில் யார் எதை மாற்றினாலும் அவர் பெயர் பதிவாகும். பதிவாகியிருந்த பெயர் தர்ஷினி.

விஷயம் தெரிந்த அன்றே ஜெயராமன் அவளை வேலையைவிட்டு அனுப்பினார். அதோடு முடியவில்லை. அவளுடைய அப்பா மதியழகன் லட்சுமம்மாவின் கிடங்கில் காவலாளி. மகளுக்கு இந்த வேலை கிடைத்ததே லட்சுமம்மா சொல்லித்தான். செய்தி தெரிந்ததும் லட்சுமம்மா கிடங்கு வாசலில் வைத்து, மற்றவர்கள் பார்க்க, அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

"அப்பா தங்கவயல்ல சுரங்கத்துல இருந்தவர். ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா தினமும் உடம்பைத் தடவித் தேடுவாங்க. ஒரு நாள்கூட ஒரு தூள் கிடைச்சதில்லை. இங்க தேடக்கூட இல்லை மேடம். போன்னுட்டாங்க."

யூஜின் தலையைக் குனிந்துகொண்டான். மைதிலி குரலை மாற்றாமல், அந்தக் கணக்குக்குள் யார் யார் போக முடியும் என்று கேட்டார்.

முன்பெல்லாம் ஜெயராமனின் பாஸ்வேர்டையே எல்லாரும் போட்டு வேலை செய்தார்கள். சென்ற வருடம்தான் ஆளுக்கொரு வழி கொடுத்தார்கள். முழு அதிகாரம் இரண்டு பேருக்கு. ஒருவர் ஜெயராமன். இன்னொருவன் அவர் மனைவி யசோதாவின் தம்பி அருண்குமார், அவன்தான் மேலாளர். யாருக்கு எவ்வளவு அனுமதி என்பதை இவர்கள் இருவர் மட்டுமே கூட்டவோ குறைக்கவோ முடியும். விளம்பரம் எழுதும் ஓஸ்வால்ட் விளம்பரங்களைத் திருத்தலாம். தர்ஷினி அறிக்கைகளைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

"ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தணும்னாலும் நான் அருண் சார் சீட் பக்கத்துல போய் நிக்கணும். இப்ப அந்தப் பக்கத்துல என் பேருக்கு நேரா முழு அதிகாரம்னு இருக்கு. யார் குடுத்தாங்கன்னு அதுல வராது. நானே எடுத்துக்கிட்டேன்னு சொல்றாங்க."

பாஸ்வேர்டை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். கடைசியாக எப்போது பயன்படுத்தினாள் என்று மைதிலி கேட்டார்.

பூஜைக்கு முந்தைய சாயங்காலம். தங்கவயலுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது லட்சுமம்மா போன் செய்து ஒரு அறிக்கை கேட்டார். தர்ஷினியின் கணினியை அதற்குள் அணைத்துத் துடைத்துவிட்டார்கள். உள்ளறையில் ஜெயராமனுடையதும் அருண்குமாருடையதும் ஓடிக்கொண்டிருந்தன. அருண்குமார் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான். அவன் கணினியில் உட்கார்ந்து அறிக்கையை எடுத்து அனுப்பிவிட்டு ஓடினாள்.

"கணக்குல இருந்து வெளியேறிட்டுத்தான் எழுந்தியாம்மா?"

தர்ஷினி முதல் தடவையாகத் தயங்கினாள். "இல்லை மேடம். ஜன்னலை மட்டும் சின்னதாக்கிட்டு ஓடினேன். எப்படியும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணப் போறாங்க. ஆஃப் ஆகி ஆன் ஆனா மறுபடி பாஸ்வேர்டு கேக்கும். அதான்."

அந்த அலுவலகத்தின் வழக்கத்தை அவள் விளக்கினாள். அங்கே கணினிகள் இரவு பகலாக ஓடும். வருடம் முழுவதும் யாரும் அணைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் ஓய்வு. முந்தைய நாள் மாலையே எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். காலையில் யசோதா ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். மறுநாள் அவள் நல்ல நேரம் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் ஜெயராமனே அவளுக்குப் பயப்படுவார்.

"அப்ப அந்த வழி அடைஞ்சுபோச்சு மேடம்," என்றான் யூஜின். "மிஷின் ஆஃப் ஆனதும் இவங்க திறந்து வெச்சதும் மூடிக்கிட்டிருக்கும்."

"ஆஃப் ஆகியிருந்தா," என்றார் மைதிலி, எழுந்துகொண்டே.

*

ஜெயராமனின் அலுவலகம் அவர் வீட்டின் கீழ்த்தளம். மேலே குடும்பம். மைதிலி யாருக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஜெயராமனின் முகம் சிவந்தது. தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். தர்ஷினியின் பெயர், பூஜை நாளின் தேதி, நேராக முழு அதிகாரம். அவள் தங்கவயலில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஜெயராமனின் பாஸ்வேர்டைப் போட்டு அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார். தன் பாஸ்வேர்டு எப்படி அவளுக்குக் கிடைத்தது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அது தேவை என்றும் அவர் நினைக்கவில்லை.

"எல்லாரும் பூஜைக்கு வந்தாங்க. ஓஸ்வால்ட் சர்ச்சுக்குப் போறவன், அவனே வந்தான். இவங்க புத்தரைக் கும்பிடறவங்களாம், வர மாட்டாங்களாம். சோறு போடற மிஷினுக்கே மரியாதை குடுக்காதவ எஜமானுக்கா குடுக்கப் போறா?"

யூஜினின் காது மடல்கள் சிவந்தன. மைதிலி அவனைப் பார்க்காமலே அவன் முழங்கையைத் தொட்டார். மற்றவர்களிடமும் பேச அனுமதி வாங்கிக்கொண்டார்.

பூஜையன்று என்ன நடந்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். காலையில் கீழே பூஜை. எல்லாத் திரைகளும் இருண்டிருந்தன. பிறகு மொட்டை மாடியில் சாப்பாடு. பந்தி பந்தியாக நடந்ததால் யார் எப்போது கீழே இறங்கினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"எனக்குப் பூஜை கிடையாது மேடம், சுண்டல் உண்டு," என்றான் ஓஸ்வால்ட். "என் மிஷின் மறுநாள் எழுந்ததே சாமி புண்ணியம். மூணு தடவை அமுக்கினேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, தர்ஷினி செய்திருக்க மாட்டாள் என்றும், அதைச் சொன்னதற்கு ஜெயராமன் தன் வாயை அடைத்துவிட்டார் என்றும் சொன்னான்.

மைதிலி மேசைகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஆன் செய்யும் பொத்தான்மேல் சந்தனம் காய்ந்திருந்தது. ஓஸ்வால்டினுடையதில் நடுவில் பொத்தான் வெளியே தெரிந்தது. தர்ஷினியின் காலி மேசைக்குக் கீழும் அப்படியே. ஜெயராமனுடையது பாதி உதிர்ந்து பிறைபோல நின்றது.

தட்டில் மோர் கொண்டுவந்த யசோதாவிடம், பொட்டை ஏன் சரியாகப் பொத்தான்மேல் வைக்கிறாள் என்று கேட்டார்.

"உசிரு அங்கதானே இருக்கு," என்றாள் யசோதா. "எல்லாத்துக்கும் என் கையாலதான் வெப்பேன். வேற யாரையும் விடமாட்டேன்."

அருண்குமார் மரியாதையாக எழுந்து நின்று பேசினான். தர்ஷினியைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சின்னப் பெண், யாராவது ஆசை காட்டியிருப்பார்கள் என்றான். பூஜைக்குப் பிறகு அவன் கணினியை ஆன் செய்தது யார் என்று மைதிலி கேட்டார்.

"நான்தாங்க. அக்கா நேரம் சொன்னதும் முதல்ல அமுக்கினது நான்தான்." ஆள்காட்டி விரலால் காற்றில் அமுக்கிக் காட்டினான். அதற்கு முன்னும் பின்னும் அதை அணைக்கவேயில்லையா என்றதற்குச் சிரித்தான். வருடத்துக்கு ஒரு ராத்திரி ஓய்வு, அதற்கு மேல் மாமா விடமாட்டார் என்றான்.

அவன் கால்மாட்டில் இருந்த பெட்டியின் முகப்பில் சந்தனம் வட்டமாக இருந்தது. நடுவில் குங்குமம்.

மைதிலி மோரைக் குடித்து முடித்து நன்றி சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் யூஜின் பொரிந்தான். ஜெயராமன்தான் செய்திருக்க வேண்டும், முழு அதிகாரம் இருக்கிறது, பேச்சைக் கேட்டாலே தெரிகிறது என்றான்.

"பேச்சுக்கு அவரைத் தண்டிக்கலாம்," என்றார் மைதிலி. "இதுக்கு முடியாது. லட்சுமம்மாவுக்குப் போன் போடு. மத்தியானம் இங்க வரச் சொல்லு. தர்ஷினியையும்."

*

உள்ளறையில் எல்லாருக்கும் நாற்காலி போதவில்லை. லட்சுமம்மா நடுவில் உட்கார்ந்தார். பருத்த உடம்பு, கையில் கார் சாவி. ஜெயராமனும் யசோதாவும் ஒரு பக்கம். அருண்குமார் தன் இடத்தில் இருந்தான். ஓஸ்வால்டும் தர்ஷினியும் கதவோரம் நின்றார்கள். தர்ஷினியைப் பார்த்ததும் லட்சுமம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சீக்கிரம் சொல்லும்மா," என்றார் மைதிலியிடம். "சும்மனே கதை கேக்க நான் வரலை."

மைதிலி ஜெயராமனிடம் திரும்பினார்.

"உங்க பாஸ்வேர்டு தர்ஷினிகிட்ட இருந்துதுன்னு சொல்றீங்க. இருந்தா அவ என்ன பண்ணியிருப்பா? உங்க பேர்லயே உள்ள போய், விளம்பரத்தைத் திருப்பிட்டு வந்திருப்பா. பதிவுல உங்க பேர் இருக்கும். அவளை யாரும் நினைச்சிருக்கக்கூட மாட்டாங்க. அதை விட்டுட்டு, உங்க பேர்ல உள்ள போய் தன் அதிகாரத்தைக் கூட்டிக்கிட்டு, வெளியே வந்து, தன் பேர்ல மறுபடி போய்த் தப்பு பண்ணாளா? எந்தத் திருடியும் அவ்வளவு சிரமப்பட்டு மாட்டிக்க மாட்டா."

ஜெயராமன் திரையில் இருந்த தர்ஷினியின் பெயரை மறுபடி பார்த்தார்.

"அவ பேர் தேவைப்பட்டது யாருக்கு? ஏற்கெனவே முழு அதிகாரம் இருக்கறவங்களுக்கு. சொந்தப் பேர்ல பண்ணா மாட்டிப்பாங்க. இந்த ஆபீஸ்ல அப்படி ரெண்டு பேர்தான். நீங்க, உங்க மச்சினன்."

யசோதா நிமிர்ந்தாள். அருண்குமார் அசையவில்லை. அதிகாரத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா, அவள் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று மெதுவாகக் கேட்டான்.

அது நியாயமான கேள்வி என்றார் மைதிலி. பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. தர்ஷினி முந்தைய மாலை இதே கணினியில் உள்ளே நுழைந்து, வெளியேறாமல் போய்விட்டாள். வேறொரு அலுவலகத்தில் அப்படிச் செய்திருக்க மாட்டாள். இங்கே சில நிமிடங்களில் எல்லாம் அணைந்துவிடும் என்று நம்பினாள். இந்தக் கணினி மட்டும் அணையாமல் இருந்திருந்தால், மறுநாளும் அவள் பெயரில் கதவு திறந்தபடியே இருந்திருக்கும்.

"அணைஞ்சுதான் இருந்துச்சு," என்றார் ஜெயராமன். "என் கண்ணால பார்த்தேன். எல்லாரும் பார்த்தோம்."

"திரையைப் பார்த்தீங்க. திரைக்குத் தனி பொத்தான் இருக்கு." மைதிலி யசோதாவைப் பார்த்தார். "நீங்க கீழே பார்த்தீங்க. கொஞ்சம் வந்து மறுபடி பாருங்க."

யசோதா வந்தாள். தம்பியின் மேசைக்கு முன் குனிந்தாள். குனிந்தவள் எழவில்லை.

"உங்க கையால வெச்ச பொட்டு," என்றார் மைதிலி. "மத்த எல்லா மிஷின்லயும் மறுநாள் விரல் பட்டு உடைஞ்சிருக்கு. அணைச்ச மிஷினை எழுப்ப வேற வழி இல்லை. இவர் தன்னுதை எல்லாருக்கும் முன்னாடி அமுக்கினேன்னு என்கிட்ட சொன்னார். விரலால காட்டினார். பொட்டு நீங்க வெச்சபடியே இருக்கு. வேற யாராவது இதை அணைக்காம விட்டிருந்தா, மறுநாள் வந்ததும் இவர் கேட்டிருப்பார், என் மிஷின் ஏன் ஓடிக்கிட்டிருக்குன்னு. கேட்கலை. அமுக்கினேன்னு பொய் சொன்னார்."

அருண்குமார் பேனா முனையால் அமுக்கியதாகச் சொன்னான். சொல்லும்போதே குரல் உயர்ந்தது.

"எந்த நேரத்துல இருந்து ஓடிக்கிட்டிருக்குன்னு மிஷின்கிட்டயே கேக்கலாம்," என்றான் யூஜின். "ஒரு வரி அடிச்சா சொல்லிடும்."

என் அலுவலகத்தில் வெளியாள் எதையும் தொடக்கூடாது என்று ஜெயராமன் எழுந்தார். லட்சுமம்மா கார் சாவியால் நாற்காலிக் கையைத் தட்டினார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் உக்காருங்க. தம்பி, நீ கேளு."

யூஜின் விசைப்பலகையை இழுத்தான். அருண்குமார் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"வேணாம். ஆமா, நான்தான்." அவன் யாரையும் பார்க்காமல் பேசினான். "அந்தக் கம்பெனிக்காரங்க என்னைப் பார்ட்னரா சேர்த்துக்கறேன்னாங்க. உன்னால என்ன முடியும், காட்டுன்னாங்க. காட்டினேன். இங்க நான் யாரு? மச்சினன். இந்த ஆபீஸைக் கட்டினதே நான். இன்னைக்கும் மச்சினன்."

"அந்தப் பொண்ணு உனக்கு என்னடா பண்ணா?" என்றாள் யசோதா, தரையில் உட்கார்ந்தபடி.

"ஒண்ணும் பண்ணலை." அவன் ஜெயராமனைக் கை காட்டினான். "அவ பேரைப் போட்டா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கன்னு தெரியும். நீங்க கேக்கலையே மாமா. ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டீங்களே."



ஜெயராமன்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். இது குடும்ப விஷயம் என்றார். தம்பி தெரியாமல் செய்துவிட்டான், லட்சுமம்மாவின் நஷ்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஸ்டேஷன்வரை போக வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு தர்ஷினியிடம், நடந்ததை மறந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

"பேர் மாறினதும் குடும்ப விஷயம் ஆயிடுச்சு," என்றார் மைதிலி. அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். "காலையில இது போலீஸ் விஷயமா இருந்துது."

லட்சுமம்மா ஜெயராமன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஸ்டேஷனுக்கு நாளைக்கு நிச்சயம் போவேன், எழுதுகிற பெயர்தான் வேறு என்றார். ஜெயராமன் மனைவியைப் பார்த்தார். யசோதா சேலைத் தலைப்பால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷனுக்கே போகட்டும்," என்றாள்.

"என் கணக்கை என் பேர்ல மாத்து," என்றார் லட்சுமம்மா. "இப்பவே. நீங்க எல்லாரும் அதுல இருந்து வெளிய போங்க."

ஓஸ்வால்ட் ஜெயராமனின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜெயராமன் செய்தார். முழு அதிகாரம் லட்சுமம்மாவுக்கு. பிறகு அருண்குமாரின் பெயரை நீக்கினார். ஓஸ்வால்டின் பெயர். தர்ஷினியின் பெயர். கடைசியாகத் தன்னுடையது.

லட்சுமம்மா கதவருகே வந்தார். தர்ஷினியின் தோளைத் தொடக் கையை உயர்த்தி, தொடாமல் விட்டார்.

"பாப்பா, அப்பாவை நாளையில இருந்து டியூட்டிக்கு வரச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"போன்னு சொன்னது நீங்கம்மா. வான்னு நீங்கதான் சொல்லணும்." தர்ஷினி ஜெயராமனிடம் திரும்பினாள். "சார், எனக்கு இங்க வேலை வேணாம். நீங்க யார் யாருக்குப் போன் பண்ணி என்னைத் திருடின்னு சொன்னீங்களோ, அத்தனை பேருக்கும் மறுபடி பண்ணுங்க. யூஜின் சார் பக்கத்துல உக்காந்திருப்பார்."

யூஜின் ஒரு நாற்காலியை இழுத்து ஜெயராமனின் போனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

*

மதியழகன் அத்திபெலேயில் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஓசூர் ரோடு நெரிசலில் லட்சுமம்மாவே காரை ஓட்டினார். தர்ஷினி முன் இருக்கையில் இருந்தாள். மைதிலி பின்னால்.

கார் நின்றபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மதியழகன் பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். லட்சுமம்மாவைக் கண்டதும் எழுந்தார். கை கும்பிடவில்லை. மகளை ஒரு தடவை பார்த்தார். அவள் முகத்தில் அவருக்கு வேண்டியது இருந்தது போலும், பிறகு அவளைப் பார்க்கவில்லை.

லட்சுமம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மகள்மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, செய்தவன் வேறு ஆள் என்றார். தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். வேலைக்கு வரவேண்டும் என்றார்.

மதியழகன் முழுவதும் கேட்டார்.

"இங்க சொல்றீங்கம்மா," என்றார். "இங்க யாரும் என்னைப் போகச் சொல்லலை. கேட்டுல வெச்சுச் சொன்னீங்க. டிரைவர் பசங்க பார்த்தாங்க, லோடுமேனுங்க பார்த்தாங்க. அவங்க இருக்கற நேரமாப் பார்த்து அங்க சொல்லுங்க."

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு நின்றுவிட்டாள். லட்சுமம்மாவின் முகம் இறுகியது. சாவியைக் கைக்குக் கை மாற்றினார்.

"ஷிஃப்ட் மாறப் போகுது," என்றார் கடைசியில். "இப்ப போனா எல்லாரும் இருப்பாங்க."

மதியழகன் உள்ளே போனார். இஸ்திரி போட்டு மாட்டியிருந்த காக்கிச் சட்டையை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.